இழப்பீடும் பதவியுயர்வும்: இலங்கையில் ஆளுங்கட்சி வன்முறை, 1977–1994

1983 பெப்ரவரி 8 அன்று இலங்கையின் உச்ச நீதிமன்றம் ஒரு பொலிஸ் அதிகாரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கின் பின்னணி எளியது. முந்தைய டிசம்பரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களிக்கும்படி கேட்டு, 'பவிதி ஹண்ட' என்ற மதகுருமார் அமைப்பு துண்டுப்பிரசுரங்களை அச்சடித்தது. கம்பஹாவில் பொலிஸ் அத்தியட்சகராக இருந்த பிரேமதாச உடுகம்பொல சுமார் 20,000 பிரதிகளைக் கைப்பற்றினார். அமைப்பைச் சேர்ந்த ரத்னசார தேரர் நீதிமன்றம் போனார். கருத்துரிமை மீறப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்த நீதிபதிகள், 10,000 ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்க உத்தரவிட்டார்கள்.

அடுத்த மாதமே அமைச்சரவை இரண்டு முடிவுகளை எடுத்தது. இழப்பீட்டை அரசே கட்டும். உடுகம்பொலவுக்குப் பதவியுயர்வு கிடைக்கும். இரண்டும் மறைவாக நடக்கவில்லை. நாடறியச் செய்யப்பட்டன.

ஆளுங்கட்சியின் வன்முறை பற்றிப் பேசும்போது கொலைகளின் எண்ணிக்கையிலிருந்தே நாம் தொடங்குகிறோம். எத்தனை பேர், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொலைகளுக்கு முன்னால், குற்றம் செய்தவருக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியைக் கட்சி எப்படிப் படிப்படியாக ஏற்படுத்திக் கொடுத்தது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். 1977 முதல் 1994 வரை இலங்கையை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சியின் பதினேழு ஆண்டுகள் இதற்குத் தெளிவான பாடம். தண்டனையின்மை அங்கே சட்டத்தின் ஓட்டை வழியாக வந்த விபத்தாக இருக்கவில்லை. அமைச்சரவை முடிவாகவும் பாராளுமன்றச் சட்டமாகவும் அது எழுத்தில் செய்யப்பட்டது. தமிழர்மீதும் தொழிற்சங்கங்கள்மீதும் பழகிய கை, பத்தாண்டுகளுக்குள் சிங்கள இளைஞர்கள்மீது திரும்பியது.

ஆறில் ஐந்து பங்கு

1977 ஜூலைத் தேர்தலில் ஐ.தே.க. 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. அதன் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன 'தர்மிஷ்ட சமுதாயம்' அமைப்பதாக வாக்களித்திருந்தார். வெற்றி அறிவிக்கப்பட்ட கையோடு, தோற்ற கட்சிகளின் ஆதரவாளர்களுடைய வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆகஸ்டில் அது தமிழருக்கு எதிரான வன்முறையாக மாறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள்.

அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி விசாரித்து அளித்த அறிக்கை 1980இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து, 1982இன் 20ஆம் இலக்கச் சட்டமாகப் பொறுப்புவிலக்குச் சட்டம் வந்தது. 1977 ஆகஸ்ட் 1 முதல் 31 வரை சட்டம் ஒழுங்கை நிலைநாட்டும் நோக்கில், நல்லெண்ணத்துடன் செய்த எந்தச் செயலுக்காகவும் அமைச்சர்கள்மீதோ அரச ஊழியர்கள்மீதோ அவர்களின் அதிகாரத்தின்கீழ் இயங்கியவர்கள்மீதோ சிவில் வழக்கும் குற்றவியல் வழக்கும் தொடர முடியாது என்றது அந்தச் சட்டம். விசாரணை ஒரு பக்கம் நடந்து முடிந்தது. வழக்குக்கான கதவு மறுபக்கம் அடைக்கப்பட்டது.

பெரும்பான்மை இருந்ததால் இதற்கெல்லாம் எதிர்க்கட்சியின் தயவு தேவைப்படவில்லை. 1978 அரசியலமைப்பு ஜனாதிபதிமீது அவர் பதவியில் இருக்கும்வரை வழக்குத் தொடர முடியாது என்றது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலை வென்றதும், ஜே.ஆர். தம் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து தேதியிடாத பதவிவிலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பொதுத்தேர்தலுக்குப் பதிலாக நடத்தப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பில் 54.66 சதவீதம் பெற்று, 1977இன் பாராளுமன்றம் தன் ஆயுளை மேலும் ஆறு ஆண்டு நீட்டிக்கொண்டது. அந்த வாக்கெடுப்பில் நடந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

தெருவில் நின்ற சங்கம்

சட்டம் மேலே இருந்தது. தெருவில் வேலை செய்ய ஆட்கள் வேண்டுமே. அந்த இடத்தில்தான் ஜாதிக சேவக சங்கமய, சுருக்கமாக ஜே.எஸ்.எஸ்., வருகிறது. ஐ.தே.க.வின் தொழிற்சங்கமான அதன் தலைவர் கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்தியூ. கூட்டுத்தாபனங்களிலும் போக்குவரத்துச் சபையிலும் வேலை வேண்டுமானால் கட்சிச் சிட்டை வேண்டும். வேலை கிடைத்தால் சங்கம் கூப்பிடும்போது போக வேண்டும். சம்பளம் அரசினுடையது, வாகனம் அரசினுடையது, கட்டளை கட்சியினுடையது. கட்சிக்கும் அரசுக்கும் இடையிலான கோடு அழிந்தது இப்படித்தான்.

1980 ஜூனில் மறியல் செய்த தொழிலாளர்கள் தாக்கப்பட்டு, சோமபால என்ற ஊழியர் இறந்தார். ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, அரசு அவசரகாலச் சட்டத்தைப் பயன்படுத்தி ஏறத்தாழ 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அந்தக் குடும்பங்கள் பல ஆண்டுகள் அல்லாடின. சிங்கள நாடகத்தின் முன்னோடியான எதிரிவீர சரச்சந்திர, 'தர்மிஷ்ட சமுதாயம்' என்று தலைப்பிட்டே ஒரு விமர்சன நூலை எழுதினார். 1982இல் கொழும்பில் ஒரு கூட்டத்தில் அவரும் தாக்கப்பட்டார்.

1981இல் இதே பாணி யாழ்ப்பாணம் வந்தது. மாவட்ட சபைத் தேர்தல் ஜூன் 4க்குக் குறிக்கப்பட்டிருந்தது. தெற்கிலிருந்து பெருந்தொகையாகப் பொலிஸார் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் யாழ் நகரிலேயே தங்கியிருந்தார்கள். மே 31 அன்று தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரசாரக் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து தொடங்கிய வெறியாட்டத்தில், கூட்டணித் தலைமையகம், 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம், பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, கடைத்தெரு எல்லாம் எரிந்தன. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகமும் எரிந்தது. அமைச்சர்கள் நகரில் இருக்கும்போது பொலிஸாரே நெருப்பு வைத்தார்கள். வழக்கு என்று ஒன்று எழவேயில்லை.

பத்தாண்டு கழித்து, 1991இல், ஜனாதிபதி பிரேமதாச இதைப் பற்றி வாய் திறந்தார். அந்தத் தேர்தலின்போது தம் கட்சிக்காரர்கள் சிலர் வெளியிலிருந்து ஆட்களை வடக்குக்குக் கொண்டுபோய் அட்டகாசம் செய்தார்கள் என்றும், நூலகத்தை எரித்தவர்களே இப்போது தம்மை எதிர்க்கிறார்கள் என்றும் மேடையில் பேசினார். காமினி திசாநாயக்கவும் லலித் அத்துலத்முதலியும் அவர்மீது குற்றப்பிரேரணை கொண்டுவந்திருந்த நேரம் அது. பத்து ஆண்டுகள் ஒரே அமைச்சரவையில் அமர்ந்திருந்தவருக்கு, உட்கட்சிச் சண்டை வந்தபோதுதான் அந்தத் தீ நினைவுக்கு வந்தது. இதைக் குறித்துவைத்துக்கொள்வோம். இந்த வரலாற்றில் உண்மை பலமுறை வெளிவரும். வெளிவருவது எப்போதும் பங்காளிகள் முட்டிக்கொள்ளும்போதுதான்.

நீதிபதிகளின் வீட்டு வாசல்

உடுகம்பொல விவகாரம் தற்செயலாக நடந்ததில்லை என்பதை நான்கே மாதத்தில் இன்னொரு வழக்கு காட்டியது. 1983 மார்ச் 8, பெண்கள் தினம். லங்கா சமசமாஜக் கட்சியின் மூத்த தலைவர் விவியன் குணவர்த்தன, அமெரிக்கத் தூதரகத்துக்கு மனுக் கொடுக்கச் சென்ற பெண்கள் ஊர்வலத்தில் இருந்தார். திரும்பும் வழியில் நடந்த பிரச்சினையில் கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் அவர் தடுத்துவைக்கப்பட்டார். அங்கே தம்மைத் தள்ளி உதைத்ததாக முறையிட்டார். ஜூன் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரது கைது சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்து, 2,500 ரூபாய் இழப்பீடு வழங்கியது. தாக்குதல் முறைப்பாட்டைப் பொலிஸ் மா அதிபர் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. சில நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட உப பரிசோதகர் பரிசோதகராக உயர்த்தப்பட்டார். இம்முறையும் பணத்தை அரசே கட்டியது.

ஜூன் 11 அன்று, தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் வீடுகளுக்கு முன்னால் பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தகாத வார்த்தைகளில் கூச்சலிட்டார்கள். நீதிபதிகளின் வீடுகளிலிருந்து பொலிஸுக்குத் தொலைபேசியில் பேச முயன்றும் உதவி வரவில்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளுக்கே இந்தக் கதி என்றால், சாட்சி சொல்ல வரும் சாதாரண மனிதர் என்ன செய்வார்?

சர்வதேச நீதியாளர் ஆணையத்துக்காக இலங்கைக்கு வந்த பிரித்தானிய வழக்கறிஞர் போல் சீகார்ட், ஜே.ஆரைச் சந்தித்து இதுபற்றிக் கேட்டார். இரண்டு பதவியுயர்வுகளுக்கும் இழப்பீட்டை அரசே கட்டுவதற்கும் உத்தரவிட்டது தாமே என்று ஜே.ஆர். தயங்காமல் சொன்னார்; பொலிஸாரின் மனவுறுதி குலையாதிருக்க அது தேவை என்பது அவர் தந்த காரணம். சீகார்டின் அறிக்கை 1984இல் வெளியானது. இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் குடிமகன் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்ற வழியைத் திறந்ததே ஜே.ஆரின் 1978 அரசியலமைப்புதான். உரிமையை எழுதிக்கொடுத்த அதே அரசு, அந்த உரிமையை மீறியவருக்குப் பரிசும் கொடுத்தது. தீர்ப்பு தாளில் இருந்தது. பதவியுயர்வு படை முழுவதும் புரிந்துகொண்ட சமிக்ஞையாக இருந்தது.

மன்னிப்பு அதிகாரமும் இதே வேலையைச் செய்தது. பாலியல் வல்லுறவு வழக்கில் சிறை சென்ற கோனாவல சுனில் என்ற கட்சிக் குண்டர் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். பிறகு அவருக்குச் சமாதான நீதவான் பட்டமும் வழங்கப்பட்டது.

ஜூலை

1983 ஜூலையைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே நம் கேள்விக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் பார்ப்போம். ஜூன் மாதமே 15ஏ என்ற அவசரகால விதி வந்துவிட்டது. மரண விசாரணை இல்லாமலே பாதுகாப்புப் படையினர் சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது இடம் கொடுத்தது. ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24 மாலை அவர்களுடைய இறுதிச்சடங்குக்காகப் பொரளைக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தீ கிளம்பியது. மறுநாள் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனதாகவும், அரச நிறுவன வாகனங்களில் வந்திறங்கியதாகவும் சாட்சியங்கள் குவிந்தன. வாக்காளர் பட்டியல் தெருக்குண்டரின் சட்டைப்பையில் கிடக்கும் பொருளல்ல.

வெலிக்கடைச் சிறைச்சாலை கொழும்பு நகருக்குள்ளேயே இருக்கிறது. முற்றிலும் அரசின் பொறுப்பிலுள்ள இடம். ஜூலை 25 அன்று 35 தமிழ்க் கைதிகள் சிறைக்குள் கொல்லப்பட்டார்கள். ஆயுத இயக்கத்தவரான குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் அவர்களில் அடக்கம். நடந்ததை நாடே அறிந்த பிறகும், உயிர் தப்பியவர்கள் அதே வளாகத்தில் வைக்கப்பட்டார்கள். 27 அன்று இன்னும் 18 பேர் கொல்லப்பட்டார்கள்; காந்தியம் அமைப்பின் மருத்துவர் ராஜசுந்தரம் அவர்களில் ஒருவர். மொத்தம் 53. நீதவான் விசாரணை இவற்றை மனிதக்கொலை என்று முடிவுசெய்தது. கொன்றவர் யார் என்று எந்த வழக்கும் சொல்லவில்லை. முதல் நாள் படுகொலை காவலின் தோல்வி என்று ஒருவர் வாதிடலாம். இரண்டாம் நாளுக்கு அந்த வாதம் எடுபடாது.

ஜூலை 28 அன்று ஜே.ஆர். நாட்டுக்கு உரையாற்றினார். இறந்தவர்களுக்கு ஓர் அனுதாபச் சொல் இல்லை. பிரிவினையைத் தடைசெய்வதாக அறிவித்தார். ஆகஸ்டில் ஆறாம் திருத்தமாக அது நிறைவேறியது. பழி இடதுசாரிகள்மீது போடப்பட்டு ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) உள்ளிட்ட மூன்று கட்சிகள் தடைசெய்யப்பட்டன. 1977க்காவது ஒரு சன்சோனி ஆணைக்குழு இருந்தது. 1983க்கு அதுவும் இல்லை. 1981–84 வன்முறைகளை ஆராய ஓர் ஆணைக்குழு அமைய 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்கு

தடைசெய்யப்பட்ட ஜே.வி.பி. தலைமறைவானது. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆயுதத்துடன் திரும்பியது. அரச ஊழியர்களை, ஐ.தே.க.வினரை, விஜய குமாரதுங்க போன்ற இடதுசாரிகளை, தன் உத்தரவை மீறிக் கடை திறந்தவர்களைக்கூட அது கொன்றது. அந்தக் குற்றங்களைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அதற்கு அரசு கொடுத்த பதிலில் 1977 முதல் பழகிய எல்லாமே இருந்தன.

1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்னால், பொறுப்புவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. 1977 ஆகஸ்ட் 31 என்ற முடிவுத் தேதி 1988 டிசம்பர் 16 ஆனது. அந்தப் பாராளுமன்றம் டிசம்பர் 20 அன்று கலைந்தது. ஆக, 1977இல் தெரிவான சபை கிட்டத்தட்டத் தன் ஆயுட்காலம் முழுவதற்கும் தன் அமைச்சர்களுக்கும் படைகளுக்கும் சட்டக் கவசம் அணிவித்துவிட்டுப் போனது. ஒரு மாதத்துக்கென்று செய்யப்பட்ட விதிவிலக்கு, பதினொரு ஆண்டின் விதியாயிற்று.

இதற்குப் பின் நடந்தது தென்னிலங்கையின் ஒவ்வொரு கிராமத்துக்கும் தெரியும். டயர் போட்டு எரித்த உடல்கள் சந்திகளில் கிடந்தன. ஆறுகளில் பிணங்கள் மிதந்தன. 1990 பெப்ரவரி 18 அன்று ஊடகவியலாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். உடல் மொரட்டுவக் கடற்கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய், தமிழரான மருத்துவர் மனோராணி சரவணமுத்து, வந்தவர்களில் ஒருவரை மூத்த பொலிஸ் அதிகாரியென்று அடையாளம் காட்டினார். தாய்க்கும் வழக்கறிஞருக்கும் கொலை மிரட்டல் வந்தது. பல ஆண்டு கழித்து நடந்த வழக்கில் மூன்று பொலிஸார் 2005இல் விடுதலையானார்கள். மனோராணி தெற்கின் சிங்களத் தாய்மார்களோடு 'அன்னையர் முன்னணி'யில் நின்றார். பிள்ளையை இழந்தவர்களுக்கு இடையே மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் உடுகம்பொல மறுபடி வருகிறார். பிரதிப் பொலிஸ் மா அதிபராக உயர்ந்து, தெற்கில் ஜே.வி.பி.யை ஒடுக்கியவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். ஜே.வி.பி. அவருடைய குடும்பத்தினரையும் கொன்றிருந்தது. ஓய்வுபெற்ற பின் 1992இல், அரசின் ஆதரவுடன் கொலைக் குழுக்கள் இயங்கியதாகச் சத்தியக்கடதாசிகளை வெளியிட்டார். பிரேமதாச அரசோடு அவருக்கு முறுகல் வந்திருந்த காலம் அது. பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். 1993இல் பிரேமதாச கொல்லப்பட்ட பின் திரும்பிவந்து, சொன்னதை வாபஸ் வாங்கினார். துறைமுக அதிகார சபையின் துணைத் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்தது. துண்டுப்பிரசுரத்துக்குப் பதவியுயர்வு கொடுத்த அரசியல், வாபஸுக்கும் பதவி கொடுத்தது.

அறிக்கைகளின் நாடு

1994இல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்து மூன்று வலய ஆணைக்குழுக்களை நியமித்தார். 1988க்குப் பின் காணாமற்போனோர் பற்றி 27,526 முறைப்பாடுகள் வந்தன. 16,800 சம்பவங்கள் உறுதிசெய்யப்பட்டன. எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கில், பெற்றோரின் விடாமுயற்சியால், பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் சிலரும் 1999இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். அதுவும் கடத்தலுக்காக; கொலைக்காக அல்ல. பட்டலந்த வீடமைப்புத் தொகுதியில் இயங்கிய சித்திரவதைக்கூடம் பற்றி விசாரித்த ஆணைக்குழு, அந்த வீடுகளைப் பொலிஸாருக்கு வழங்கியதில் அன்றைய அமைச்சர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு மறைமுகப் பொறுப்பு உண்டு என்றது. அவர் அதை மறுத்துவந்தார்; பலமுறை பிரதமராகவும் 2022இல் ஜனாதிபதியாகவும் ஆனார். 1998இல் முடிந்த அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2025 மார்ச்சில்தான்.

ஆட்சி மாறியும் இயந்திரம் மாறவில்லை. 1990இல் காணாமற்போனோரின் விவரங்களை ஜெனீவாவுக்குக் கொண்டுபோக முயன்ற மகிந்த ராஜபக்ச, 2005க்குப் பின் தம் ஆட்சியில் ஆட்களைக் கடத்திய வெள்ளை வான்களுக்குப் பதில் சொல்லவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எட்டு ஜனாதிபதிகளைக் கடந்து வந்திருக்கிறது. அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபரே அரச அதிகாரிகள்மீது வழக்குப் போடலாமா என்றும் முடிவுசெய்கிறார். ஒரே மேசையில் இந்த இரண்டு வேலையும் இருக்கும்வரை, ஆணைக்குழு அறிக்கை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் குற்றப்பத்திரிகையாக மாறாது.

2024இல் 159 ஆசனங்களுடன் வந்த தேசிய மக்கள் சக்தியின் மையத்தில் ஜே.வி.பி. இருக்கிறது. தன் தோழர்களைப் பட்டலந்தவில் இழந்த கட்சி அது. தானும் கொன்ற கட்சி. பட்டலந்தவை மட்டும் விவாதித்துவிட்டு வெலிக்கடையையும் தன் சொந்தக் கொலைகளையும் விட்டுவிட்டால், பிரேமதாசவின் 1991 மேடைப்பேச்சுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. சுயாதீனமான வழக்குத்தொடுநர் அலுவலகம், சாட்சிகளுக்கு உண்மையான பாதுகாப்பு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குதல் ஆகிய மூன்றையும் செய்வதற்கு வேண்டிய பெரும்பான்மை இன்றைய அரசிடம் இருக்கிறது. 1977இல் ஐ.தே.க.விடமும் அப்படியொரு பெரும்பான்மை இருந்தது. அது எதற்குப் பயன்பட்டது என்பதைப் பார்த்தோம். வெலிக்கடையின் 53 கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.